தொண்டர் கையில் பிள்ளைகள்

ஊதியம் எதிர்பாராமல் ஊர்ப் பிள்ளைகளுக்காக உழைப்போர் நம் நாட்டின் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கின்றனர். மாலை வேளையில் உதைபந்தாட்டம் பழக்குபவர், சாரணர் துருப்பை நடத்துபவர், பரீட்சை நெருங்கும்போது பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்பவர், மதரசாவில் மௌலவிக்குத் துணையாக நிற்பவர், வாசிகசாலையைத் திறந்து வைப்பவர் என்று அவர்கள் பல வகையினர். மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டியிலும் இத்தகையோர் உளர். பெரும்பாலோர் இளைஞர், தாமே சில ஆண்டுகளுக்கு முன்னர் அதே மைதானத்தில் ஓடி விளையாடியவர்கள். இவ்விளைஞர் தலைவர்களுக்குப் பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றிய பயிற்சி வகுப்புகளை நடத்திவந்ததில் புலப்பட்ட சில உண்மைகளை இன்று தங்கள் முன்னிலையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில், பாதுகாப்பு என்னும் சொல்லை எப்பொருளில் வழங்குகிறேன் என்பதைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். விளையாடும்போது கால் முறியாமற் காப்பதும் பாதுகாப்பே. ஆயினும் இன்றைய பேச்சின் பொருள் அதுவன்று. பிள்ளைகள் கூடும் ஓரிடத்தில் அவர்களை நடத்தும் பெரியவர்களால் அவர்களுக்குத் தீங்கு நேராதபடி ஒழுங்கு செய்தல் இதன் முதற் பகுதி. வீட்டிலோ வீதியிலோ வேறெங்கோ ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேருமாயின் அதைக் கண்டுணர்ந்து, உரியவரிடம் உரிய முறையிற் சேர்ப்பித்தல் இரண்டாம் பகுதி. தீங்கு என்பது அடித்தலும் வதைத்தலும் மட்டுமன்று. ஓயாமல் இழித்துரைத்து உள்ளத்தை நொறுக்குதல், பாலியல் முறையிற் பயன்படுத்துதல், உணவும் மருத்துவமும் கவனிப்பும் இன்றிக் கைவிடுதல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும்.

நம் ஊரைப் பொறுத்தவரையில் இவ்விஷயம் இப்பொழுது தனி முக்கியத்துவம் பெறுவதற்குக் காரணம் உண்டு. 1990 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி மக்களும் ஊரைவிட்டு நீங்கிப் புத்தளம் மாவட்டத்தில் அகதிகளாக வாழ நேர்ந்தது. 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னர் ஒரு பகுதியினர் மீண்டு வந்தனர். ஒரு பகுதியினர் அங்கேயே தங்கினர். ஆகவே ஒரே குடும்பத்தில் மூத்தவர் புத்தளத்திலும் இளையவர் மன்னாரிலும் வாழும் நிலை உண்டாயிற்று. தந்தையார் தொழில் தேடி அரபு நாடு சென்ற வீடுகளும் உள்ளன. தாய் சென்ற வீடுகளும் உள்ளன. பாட்டியின் பொறுப்பிலும் சிற்றன்னையின் பொறுப்பிலும் வளரும் பிள்ளைக்கு, மாலையில் மைதானத்திற் காணும் 'நானா' சில வேளைகளில் வீட்டிலுள்ள எவரினும் நெருங்கியவராகி விடுகிறார். அந்த நெருக்கத்தினால் விளையும் நன்மை பெரிது. அதே நெருக்கம் ஒரு கெட்டவன் கையிற் சிக்கினால் விளையும் கேடும் பெரிது.

இன்னொன்று. சிறிய ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் உறவினர். 'இங்கே அந்நியர் யார் இருக்கிறார்? நமக்கு என்ன பயம்?' என்று பலர் கேட்கின்றனர். பிள்ளைக்குத் தீங்கு செய்பவன் இருட்டிலே பதுங்கி நிற்கும் பிள்ளைபிடிகாரன் என்பதே நம்மவர் மனத்திற் பதிந்த சித்திரம். உலகெங்கும் ஆராய்ந்தோர் கண்டது இதற்கு மாறானது. தீங்கிழைப்போருட் பெரும்பாலோர் பிள்ளைக்கு நன்கு அறிமுகமானவர்கள். பெற்றோரின் நம்பிக்கையையும் பெற்றவர்கள். எனவே உறவு நெருங்கிய ஊரில் அச்சம் குறைவு என்று கருதுவதற்கு இடமில்லை. அங்கே உண்மையை வாய்விட்டுச் சொல்வதுதான் கடினம்.

இவ்வுண்மையைப் பெரிய ஸ்தாபனங்களும் மெதுவாகவே உணர்ந்தன. சாரணியம் நம் நாட்டில் 1912 ஆம் ஆண்டு மாத்தளையிலே தொடங்கியது. 1957 இல் இலங்கைச் சாரணர் சங்கத்துக்கெனத் தனிச் சட்டம் ஆக்கப்பட்டது. நற்பெயர் பெற்ற அவ்வியக்கத்தின் உலக மாநாடு, 2002 ஆம் ஆண்டு கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரிற் கூடியபோது, பிள்ளைகளைத் தீங்கினின்றும் காத்தல் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அமெரிக்க நாட்டுச் சாரணர் அமைப்போ 2020 ஆம் ஆண்டில் கடனிறுக்க வகையற்ற நிலையை நீதிமன்றத்தில் அறிவித்தது. பழைய நாட்களில் அவ்வமைப்பிலே பாலியற் கொடுமைக்கு ஆளானோம் என்று முறையிட்டவர்களின் தொகை 82,000 க்கு மேற்பட்டது. நன்னோக்கத்துடன் தொடங்கிய இயக்கம் என்பதனால் மட்டும் பிள்ளைகள் பாதுகாக்கப்பட்டு விடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. ஐக்கிய நாடுகள் சபை 1989 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் உறுதிப்படுத்தியது. பதினெட்டு வயதுக்குட்பட்ட யாவரும் அச்சமவாயத்தின் பொருளிற் பிள்ளைகளே. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தல் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. தன் பராமரிப்பிலுள்ள பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவரை வேண்டுமென்றே தாக்குவோர், வதைப்போர், கைவிடுவோர் யாவரும் அதற்கு உட்படுவர். 'நான் சம்பளம் வாங்கும் ஆசிரியன் அல்லன். வெறும் தொண்டன்' என்பது அங்கே விடையாகாது. பிள்ளை யார் பொறுப்பில் இருந்தது என்பதே கேள்வி. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அமைக்கப்பட்டது. அதன் தொலைபேசி இலக்கம் 1929.

இவ்வளவு சட்டம் இருக்க, பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். சட்டத்தை வாசித்துக் காட்டுவதனால் நடத்தை மாறுவதில்லை என்பதே நாங்கள் முதலிற் கண்டது. சட்டப் பிரிவுகளை எடுத்துச் சொல்லும்போது வகுப்பிலுள்ளோர் மரியாதையாகக் கேட்கின்றனர்; குறிப்பும் எழுதிக்கொள்கின்றனர். ஆனால், 'மழை பெய்கிறது, எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள், பத்து வயதுப் பையன் ஒருவனை மட்டும் அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை, நீங்கள் தனியே நிற்கிறீர்கள், என்ன செய்வீர்கள்?' என்று கேட்டதும் சபை விழித்துக்கொள்கிறது. ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்று வீட்டில் விடுவேன் என்பார். ஒருவர் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்வேன் என்பார். இன்னொருவர் இரண்டும் ஆகாது என்பார். அந்த வாதத்திலிருந்தே விதி பிறக்கிறது: வீட்டாருக்குத் தொலைபேசியில் அறிவித்தல், வேறொரு பெரியவரை உடன் வரவழைத்தல், எல்லார் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் நின்று காத்திருத்தல். தாமே வாதித்து அடைந்த விதியை அவர்கள் மறப்பதில்லை. ஆகவே ஊரில் நடக்கக்கூடிய சந்தர்ப்பங்களை முன்வைத்துத் தொடங்குதலே சிறந்த முறை. சட்டம் அதன் பின்னர் வரலாம்.

இரண்டாவதாக, தொண்டரின் மனத்தில் எழும் வருத்தத்தை மதித்து விடை கூறுதல் வேண்டும். 'ஒரு சதமும் வாங்காமல் எங்கள் நேரத்தைக் கொடுக்கிறோம், எங்களையே ஐயப்படுகிறீர்களா?' என்ற வினா ஏதோ ஒரு வடிவில் எல்லா வகுப்பிலும் எழுகிறது. இதைத் தட்டிக் கழித்தால் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்துவிடும். நம் ஊர்களில் மரண உதவிச் சங்கம் உண்டு. அதன் பணத்தை வங்கியிலிருந்து எடுப்பதற்கு இருவர் கையொப்பம் வேண்டும். ஆண்டுதோறும் கணக்குப் பரிசோதனையும் நடக்கும். அதனாற் பொருளாளர் திருடர் என்று எவரும் சொல்வதில்லை. நேர்மையான பொருளாளர் அவ்வொழுங்கை விரும்பவே செய்வார். பணத்துக்கு இரண்டு கையொப்பம் கேட்கும் ஊர், பிள்ளைக்கு இரண்டு கண்காணிப்பாளரைக் கேட்பதில் என்ன தவறு? இவ்வாறு எடுத்துரைக்கும்போது வருத்தம் தணிகிறது.

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தையும் நினைவுபடுத்துவதுண்டு. கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கும் சுழியோடிக்குத் தோணியில் ஒருவன் கயிறு பிடித்து நிற்பான். கீழேயிருந்து கயிறு அசைந்த கணமே அவன் இழுத்துவிடுதல் வேண்டும். சுழியோடி எவ்வளவு வல்லவனாயினும் கயிறு பிடிப்பவன் இன்றி இறங்குவதில்லை. ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் பிறர் பார்வைக்கு அப்பால் தனித்திருத்தல் ஆகாது என்னும் விதியை இக்கடற்கரைப் பிள்ளைகளுக்கு விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை.

மூன்றாவதாக, விதிகள் சிலவாகவும் தெளிவாகவும் இருத்தல் வேண்டும். நாற்பது பக்கக் கைந்நூலை எவரும் வாசிப்பதில்லை. எங்கள் வகுப்புகளில் ஒரு தாளில் அடங்கக்கூடிய விதிகளையே வற்புறுத்துகிறோம். எந்தக் கூட்டத்துக்கும் பயணத்துக்கும் இரு பெரியவர் இருத்தல் வேண்டும். பெண்பிள்ளைகள் உள்ள இடத்தில் அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும். தனியே ஒரு பிள்ளையுடன் பேச நேரின் கதவு திறந்திருக்க வேண்டும். உடை மாற்றும் இடத்திலும் குளிக்கும் இடத்திலும் பிள்ளைகளின் மறைவுக்கு மதிப்பளித்தல் வேண்டும். அங்கே கைத்தொலைபேசியை எடுத்தலே ஆகாது. ஒரு பிள்ளைக்கு மாத்திரம் இரகசியமாகப் பரிசு கொடுத்தல் கூடாது. கடலுக்கு அழைத்துச் செல்வதாயின் பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும்.

கைத்தொலைபேசி பற்றித் தனியே ஒரு வார்த்தை. பயிற்சி நேரம் மாறியதை அறிவிக்க இக்காலத்தில் எல்லாக் கழகங்களிலும் வாட்ஸ்அப் குழு உண்டு. அது வசதியானது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஒரு தலைவர் பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தனியே செய்தி அனுப்புவது, மூடிய அறையில் அவர்கள் தனித்திருப்பதற்கு ஒப்பானது. அறிவித்தல் யாவும் குழுவிலேயே வரவேண்டும். குழுவில் பெற்றோரும் ஒரு மற்றப் பொறுப்பாளரும் இருத்தல் வேண்டும். பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரின் அனுமதியின்றி வெளியிடுதல் கூடாது. இளந் தொண்டர்கள் இவ்விதியைப் பெரியவர்களினும் விரைவாகப் புரிந்துகொள்கின்றனர்.

இவ்விதிகள் தலைவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தாற் போதாது. சுவரில் ஒட்டப்பட்டு, பிள்ளைகளும் பெற்றோரும் வாசித்திருத்தல் வேண்டும். 'இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதே' என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை கேட்கக்கூடிய இடத்திலே தீயவனுக்கு வேலையில்லை.

நான்காவது பாடம், நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது. ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த தீங்கைச் சொல்ல வரும்போது என்ன செய்வது? பிள்ளைகள் நேராகச் சொல்வதில்லை. 'நானா, ஒரு விஷயம் சொல்லுவேன், நீங்க ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது' என்றோ, 'ராத்தா, என்ட கூட்டாளி ஒருத்திக்கு இப்படி நடந்ததாம்' என்றோ தயங்கித் தயங்கித் தொடங்கும். அந்த முதல் வாக்கியத்துக்குக் கேட்பவர் அளிக்கும் மறுமொழியைப் பொறுத்தே இரண்டாவது வாக்கியம் வருவதும் வராமற் போவதும்.

வகுப்பில் இதை இருவர் இருவராக நடித்துப் பார்க்கச் செய்கிறோம். ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் தலைவராகவும் அமர்வர். எல்லா விதிகளையும் நன்கு ஒப்புவித்தவர்கள்கூட, நடிக்கும்போது கேள்விகளை அடுக்கத் தொடங்குகின்றனர். 'ஏன் முந்தியே சொல்லவில்லை? நீ அங்கே ஏன் போனாய்? உண்மையாகவா?' என்று வினவுகின்றனர். சிலர் உபதேசம் செய்கின்றனர். சிலர் கோபங்கொண்டு, 'அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுந்து நிற்கின்றனர். எல்லாம் நல்லெண்ணத்திற் பிறப்பனவே. ஆயினும் 'ஏன்' என்ற வினா பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாகவே விழும். கோபமோ பிள்ளையை நடுங்கச் செய்யும். ஆகவே மௌனமாகக் கேட்கும் பழக்கத்தைப் பயிற்றுதல் வேண்டியதாயிற்று. சொற்பொழிவைக் குறைத்துப் பயிற்சி நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குவது பயனளிக்கிறது.

சொல்ல வேண்டியது மிகச் சிலவே. 'நீ சொன்னது நல்லது. நான் கேட்கிறேன். இது உன்ட பிழை இல்லை. உன்னைக் காப்பாற்றக் கூடிய ஆட்களுக்கு மட்டும் நான் இதைச் சொல்ல வேண்டி வரும்.' இவ்வளவு போதும். பின்னர், பிள்ளை சொன்ன சொற்களைப் பிள்ளை சொன்னபடியே, அன்றைக்கே, நாளும் நேரமும் இட்டு எழுதி வைத்தல் வேண்டும். நம் ஊகத்தை அதிற் கலத்தல் ஆகாது. திரும்பத் திரும்பக் கேட்டலும் ஆகாது. 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம், பிள்ளையின் ஆரம்ப வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றத்தில் முன்வைக்க இடந்தருகிறது. பிள்ளை அதே துயரத்தைப் பலர் முன்னிலையிற் பலமுறை சொல்லும் கொடுமையைக் குறைப்பதற்கான ஏற்பாடு அது. ஊரிலே பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டுக் குழப்பிய பின்னர் பிள்ளை சொல்வது வழக்குக்கும் உதவாது. பிள்ளையின் உள்ளத்துக்கும் ஆகாது.

இங்கே ஓர் உண்மையான சிக்கல் எழுகிறது. நம்மிடம் ஒருவர் நம்பி ஒப்படைத்தது அமானிதம். ஒப்படைத்த பொருளைப் பேணுவது போலவே ஒப்படைத்த சொல்லையும் பேணுதல் வேண்டும் என்று சிறுவயது முதற் கற்றவர்கள் நம் இளைஞர்கள். 'ஒருவருக்கும் சொல்லாதே என்று கேட்ட பிள்ளைக்குச் சத்தியம் செய்துவிட்டு எவ்வாறு வெளியிற் சொல்வது? அது துரோகமல்லவா?' என்று கேட்கின்றனர். இவ்வினாவை இலேசாகத் தள்ளிவிட முடியாது. நம்பிக்கையை மதிக்கும் பண்பிலிருந்து அது பிறக்கிறது. இதற்கு நாங்கள் ஆராய்ந்து அடைந்த விடை இது: பெற்றோர் உங்கள் கையில் ஒப்படைத்தது பிள்ளையை, ஆகவே பிள்ளைதான் அமானிதம். அந்தப் பிள்ளையைக் கெடுக்கும் இரகசியத்தைக் காப்பவர் அமானிதத்தைக் காத்தவராகார். ஆனபடியால், காக்க முடியாத சத்தியத்தை முதலிலேயே கொடாதிருத்தல் வேண்டும். யாருக்குச் சொல்லப் போகிறேன், எதற்காகச் சொல்லப் போகிறேன் என்பதைப் பிள்ளைக்கே முன்னர்த் தெரிவித்தல் வேண்டும். அறிவிக்கப்பட வேண்டியவர் இருவர் மூவரே. அவர்களுக்கு அப்பால் ஒரு சொல்லும் போகலாகாது. தேநீர்க் கடையில் அதைப் பேசுபவர் மெய்யாகவே அமானிதத்தை அழித்தவராவார்.

ஐந்தாவதாக, அறிவிக்கும் வழி முன்கூட்டியே தெரிந்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு கழகத்திலும் ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரு நலப் பொறுப்பாளர் நியமிக்கப்படுதல் நல்லது. இருவரும் ஒரே வீட்டாராகவோ, கழகத் தலைவரின் நெருங்கிய சொந்தக்காரராகவோ இருத்தல் ஆகாது. முறைப்பாடு தலைவரைப் பற்றியதாகவே இருக்குமாயின் அதற்கும் ஒரு வழி இருக்க வேண்டும் அன்றோ? பொறுப்பாளர் அறிவிக்க வேண்டிய இடங்கள் மறைவானவை அல்ல. 1929 என்னும் இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். பொலிஸ் நிலையங்களிற் சிறுவர், பெண்கள் பிரிவு உண்டு. பிரதேச செயலகத்திற் சிறுவர் உரிமைகளுக்கான உத்தியோகத்தரும், நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் துறையில் அதற்கான உத்தியோகத்தரும் உள்ளனர். இவற்றைச் சிறு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கும் தொண்டர், தேவை வரும் நேரத்தில் தடுமாற மாட்டார்.

'பிள்ளை பொய் சொல்லியிருந்தால் ஒருவருடைய வாழ்க்கை கெட்டுவிடாதா?' என்பது அடுத்த கேள்வி. கேட்கத் தக்க கேள்வியே. பொய்யா மெய்யா என்று தீர்ப்பது தொண்டரின் வேலையன்று. அதற்குரிய பயிற்சியும் அதிகாரமும் பெற்றவர்கள் வேறு உளர். முறையான விசாரணை குற்றமற்றவரையும் காக்கும். குற்றமற்றவரைக் கெடுப்பது ஊர்ப்பேச்சு. ஆகவே குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் தாமே போய்க் கேட்பதும், ஊரிற் பரப்புவதும் இரண்டும் விலக்கப்பட வேண்டியவை.

ஆறாவது விஷயம் சொல்லுவதற்குக் கசப்பானது. தீங்கு வெளிப்பட்டால் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, மன்னிப்புக் கேட்கச் செய்து, குற்றஞ் செய்தவரை வேறோர் ஊருக்கு அனுப்பி, கதையை மூடிவிடும் வழக்கம் பல சமூகங்களில் உண்டு. பிள்ளையின் எதிர்காலம், குடும்பத்தின் மானம், ஊரின் பெயர் ஆகியவற்றைக் காக்கவே அப்படிச் செய்கிறோம் என்பர். இந்த மத்தியஸ்தம் காணித் தகராறுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. அனுப்பப்பட்டவர் போய்ச் சேரும் ஊரிலும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவுஸ்திரேலிய நாட்டு அரசு 2013 முதல் 2017 வரை ஒரு பெரும் ஆணைக்குழுவை அமைத்து, பாடசாலைகளிலும் சமய நிறுவனங்களிலும் விளையாட்டுக் கழகங்களிலும் பிள்ளைகளுக்கு நேர்ந்த பாலியற் கொடுமைகளை ஆராய்ந்தது. 8,000 க்கு மேற்பட்டோர் தனித்தனியே வந்து தம் கதையை அதன்முன் கூறினர். பெயருக்கு அஞ்சி மூடி மறைத்ததும், குற்றஞ் செய்தவரை இடம் மாற்றியதும் எத்தனை பிள்ளைகளைப் பலிகொண்டன என்பது அங்கே வெளிப்பட்டது. கொடுமைக்கு ஆளானோர் முதன்முதலில் ஒருவரிடம் வாய்திறக்கச் சராசரி 23.9 ஆண்டுகள் சென்றன என்றும் அவ்வாணைக்குழு கண்டது. ஒரு பிள்ளை பத்து வயதிற் பட்ட துன்பத்தை முப்பத்து நான்காம் வயதிற் சொல்கிறது என்றால், இடைப்பட்ட காலமெல்லாம் அது எதைச் சுமந்து நடந்திருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். ஆண்பிள்ளைகளுக்கும் இது நேர்கிறது என்பதையும் மறத்தல் ஆகாது. 'ஆண்பிள்ளை அழலாமா' என்று வளர்க்கப்பட்டவன் இன்னும் நெடுநாள் மௌனஞ் சாதிப்பான்.

ஏழாவதாக, அடித்தல் பற்றியது. 'அடியாத மாடு படியாது' என்பது நம் பழமொழி. பிரம்படி பட்டு வளர்ந்த தலைமுறையினர் அதனாலேயே தாம் உருப்பட்டதாகக் கருதுகின்றனர். கல்வி அமைச்சின் 2005 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனையை விலக்கியது. ஆசிரியர் அறைந்ததனாற் செவி பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், 2021 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் அச்செயல் அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை தரும் அடிப்படை உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. மைதானத்திலும் இதே நெறியே பொருந்தும். ஆனால் 'அடிக்காதே' என்று மட்டும் சொல்லி விடுதல் பயிற்சியாகாது. நேரம் தவறி வரும் பிள்ளையை, சண்டையிடும் பிள்ளையை, சொற்கேளாத பிள்ளையை வேறு எவ்வாறு நெறிப்படுத்துவது என்பதையும் காட்டுதல் வேண்டும். சிறிது நேரம் ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்தல், தனியே பொறுமையாக வினவுதல், வீட்டாருடன் பேசுதல், பொறுப்பு ஒன்றைக் கையளித்துப் பார்த்தல் ஆகியன பயன் தருவதை அனுபவமுள்ள தலைவர்களே வகுப்பில் எடுத்துச் சொல்கின்றனர். அவர்கள் வாயிலாக வரும்போது இளையவர்கள் அதை ஏற்றுக்கொள்கின்றனர். அடிக்கு அஞ்சும் பிள்ளை தன் துன்பத்தையும் அவரிடம் சொல்ல வராது என்பதையும் அவர்களே உணர்ந்து கூறுவர்.

எட்டாவதாக, பயிற்சி நடத்துவோருக்கே உரிய ஓர் எச்சரிக்கை. வகுப்பில் அமர்ந்திருப்போருள் சிலர் தாமே சிறு பிராயத்தில் தீங்குற்றவராய் இருக்கக் கூடும். முகாம் வாழ்க்கையில் வளர்ந்த தலைமுறைக்கு நினைவுகள் பல உண்டு. ஆகவே தொடங்கும்போதே, 'எவருக்கேனும் மனம் தாளாவிட்டால் காரணம் கூறாமல் எழுந்து வெளியே செல்லலாம்' என்று அறிவித்தல் வேண்டும். அவ்வாறு செல்பவருக்குத் துணையாக நிற்க ஒருவரை ஏற்பாடு செய்திருத்தலும் வேண்டும். மெய்யான கேள்விகள் சபையில் எழுவதில்லை. கூட்டம் கலைந்து, சைக்கிளை எடுக்கப் போகும்போது ஒருவர் திரும்பி வந்து தாழ்ந்த குரலிற் கேட்பார். பயிற்றுநர் உடனே வண்டியேறிப் போய்விட்டால் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போகும். இறுதியில் அரை மணி நேரம் தங்குதல் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது.

ஒன்பதாவதாக, ஒரு நாட் பயிற்சியினால் இது நிறைவுறாது. தொண்டர்கள் மாறுகின்றனர், ஒருவர் தொழில் தேடிக் கொழும்பு செல்வார், ஒருவர் கட்டார் செல்வார், புதியவர் வருவார். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மீண்டும் கூடுதல் வேண்டும். புதியவரைச் சேர்க்கும்போது அவரை அறிந்த இருவரிடம் விசாரித்து, சில மாதங்கள் மற்றொருவரின் கண்காணிப்பில் பணிசெய்ய விடுதல் நன்று. பொலிஸ் அறிக்கையும் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றும் வாங்கலாம். அவை இதுவரை குற்றம் பதியப்படவில்லை என்பதை மட்டுமே காட்டும். அதனால் சான்றிதழைக் கோவையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளலாகாது.

இவ்வளவும் கேட்ட பின்னர், 'இத்தனை விதிகளுக்கு உட்பட்டு யார் தொண்டு செய்ய முன்வருவார்?' என்று சிலர் அஞ்சக்கூடும். விதி தெரியாத இடத்திலேதான் நல்லவர் தயங்குகிறார். அழுகிற பிள்ளையைத் தேற்றலாமா, விழுந்த பிள்ளையைத் தூக்கலாமா என்று அவர் குழம்புகிறார். எது தக்கது என்று எழுதி வைத்த இடத்தில் எல்லார் முன்னிலையிலும் விழுந்த பிள்ளையைத் தூக்குவார், தோளைத் தட்டிக் கொடுப்பார், அச்சமின்றிப் பழகுவார்.

நேயர்களே, இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை மாலையிற் செல்லும் கழகத்துக்கோ வகுப்புக்கோ இந்த வாரத்தில் ஒருமுறை நேரிற் செல்லுங்கள். அங்கே எப்பொழுதும் இரு பெரியவர் இருக்கின்றனரா, விதிகள் எழுதப்பட்டுள்ளனவா, பிள்ளைக்கு ஒரு குறையிருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று மரியாதையுடன் கேளுங்கள். நல்ல தலைவர் அக்கேள்விகளை வரவேற்பார். பின்னர் வீடு திரும்பி, 'யார் எது செய்தாலும் நீ எங்களிடம் சொல்லலாம். உன்னை ஏச மாட்டோம்' என்று பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவ்வாறு சொன்னபடியே நடப்பதும் நம் கடமை.